தொண்ணூற்றெட்டே தொடரும்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தமிழ் இரண்டாம் தாள் ஏழாவது கேள்வியோடு நின்றுவிட்டது. லோகநாயகி மவுஸை மேசைமேல் இரண்டு முறை தட்டினாள். அம்புக்குறி அசையவில்லை. மூன்றாவது முறை தட்டியபோது நான் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தேன். மாலை 7.14. நின்றது. இந்த வாரத்தில் பதினொன்றாவது தடவை.

"எழுதியாச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"எழுதினா ஓடுமா?"

ஓடாதுதான். ஆனால் ஒரு பொருள் எத்தனை முறை நின்றது என்று தெரியாமல் அதை மாற்றலாமா கூடாதா என்று எப்படி முடிவு செய்வது? அவள் ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். முதல் கேள்வியிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். நடுநடுவே சேமித்து வைக்கக்கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முதுகைப் பார்த்ததும் அதையும் நோட்டிலேயே எழுதிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தாமோதரன். வீடு ஊரப்பாக்கத்தில். காலை ஆறே முக்காலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆபீஸ் பஸ் ஏறினால் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போய்ச் சேர்வேன். அங்கே அணுமின் நிலையத்தில் எனக்கு மாற்ற அனுமதிப் பிரிவில் வேலை. ஒரு குழாயில் ஒரு திருகாணியை மாற்ற வேண்டுமானாலும் ஏன் மாற்ற வேண்டும், மாற்றினால் என்ன கெடும், கெட்டால் பழையபடி ஆக்குவது எப்படி என்றெல்லாம் எழுதி என் மேசைக்கு வர வேண்டும். நான் படித்துக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவேன். மூன்று முறையாவது திரும்பிப் போய் வராத காகிதத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சில திருகாணிகள் நான் ஓய்வு பெறும் நாளுக்காகக் காத்திருக்கின்றன என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். இருபத்திரண்டு வருடத்தில் நான் அனுமதித்த எதையும் யாரும் திரும்ப மாற்ற நேர்ந்ததில்லை. பழைய தேதியிட்டு ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.

அப்படிப்பட்டவன் வீட்டுக் கணிப்பொறியில் விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்பி என்று புதிது வந்து இரண்டு வருடமாகியிருந்தது. மாறலாமா, வேண்டாமா?

2003 ஜூன் மாதம் ஒரு நூற்றறுபது பக்க நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் ஆபத்து. தீபாவளிக்குள் நன்மை ஆறு சேர்ந்தது. ஆபத்து முப்பத்தெட்டு. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து லோகநாயகியின் தமிழ்த் தட்டச்சு. கல்யாணத்துக்கு முன் செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். அந்தப் பழைய எழுத்து வரிசை இன்னும் அவள் விரல்களில் இருக்கிறது. அதே வரிசையில் அடிக்க ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தோம். புதியதில் அது ஓடாவிட்டால்? அந்தப் பெட்டிமேல் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதிக் கேட்டேன். ஐந்து வாரமாகியும் பதில் இல்லை. பெட்டியில் தொலைபேசி எண்ணும் இருந்தது. ஆனால் வாய்ப்பேச்சை எந்தக் கோப்பில் சேர்ப்பது?

எக்ஸ்பி குறுந்தட்டை வாங்காமல் இல்லை. ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி, பிரித்துப் பார்த்து, உறையில் இருந்த இருபத்தைந்து எழுத்துச் சாவியை நோட்டில் பிரதி எடுத்து, மறுபடி டேப் ஒட்டி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாகிவிட்டது. வாங்குவது வேறு, மாறுவது வேறு. நினைவகத்தைக்கூட இரண்டு மடங்காக்கினோம். அதைப் பொருத்திக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஜான்சன். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஃபேக்டரியில் வேலை. திருப்புளியைப் பேனா மாதிரி சட்டைப்பையில் வைத்திருப்பவன். அது பராமரிப்பு, மாற்றமல்ல என்று அவனிடம் தெளிவாகச் சொன்னேன்.

"இன்னா அண்ணாத்த, இன்னும் யோசிச்சிகினே கீறியா?" என்றான் ஜான்சன். அவன் புதிது வந்த மாதமே மாறிவிட்டவன். "நீ முடிவு பண்றதுக்குள்ள அடுத்தது வந்துடும்."

"வந்தா அதையும் சேர்த்து யோசிக்கலாம்."

அவன் லோகநாயகியைப் பார்த்தான். அவள் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நோட்டில் எனக்கே பெருமையான பகுதி நாற்பத்து நான்காம் பக்கம் முதல் நாற்பத்தேழு வரை. ஒருவேளை மாறுவது என்று முடிவானால் எப்படி மாறுவது என்ற செய்முறை. முப்பத்தொரு படிகள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், திரை என்ன கேட்கும், என்ன பதில் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் எழுதியிருந்தேன். மின்வெட்டுக்குப் பிறகு வரும் நீலத்திரை இனி வராமலிருக்க ஹார்ட் டிஸ்க் வட்டின் அமைப்பை மாற்றுவதுகூட உண்டு. இருபத்தொன்பதாம் படி கொஞ்சம் கருணையானது. புதியதற்குப் பழைய முகத்தையே மாட்டிவிட ஒரு வசதி இருப்பதாகப் பத்திரிகையில் படித்திருந்தேன். வீட்டில் இருப்பவர்கள் மிரண்டுபோகக்கூடாது அல்லவா? ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு கட்டம், ஒரு நேரம். கடைசியில் செய்தவர், அனுமதித்தவர் என்று இரண்டு கோடுகள். படிக்கிறவருக்குச் சந்தேகமே வரக்கூடாது, அதுதான் நல்ல செய்முறை. கணிப்பொறியைத் தொட்டே இராதவர்கூட அதைப் பார்த்துச் செய்துவிடலாம்.

நவம்பர் முதல் வாரம் லோகநாயகி ரசம் ஊற்றும்போது விஷயத்தைச் சொன்னாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பது நான்கு வருடமாக அவள்தான். காலாண்டுக்கு மூன்று நாள் தாமதமாகிவிட்டது. இந்தக் கணிப்பொறி படுத்ததால்தான். தலைமையாசிரியை ரெபேக்காள் கோபப்படவில்லையாம். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்றாள். அரையாண்டுக்கு முப்பத்தெட்டுத் தாள், நவம்பர் இருபத்தொன்பதுக்குள் வர வேண்டும், முடியாது என்றால் பொத்தேரியில் காலேஜுக்கு எதிரே ஒரு சென்டர் இருக்கிறது, அங்கே எல்லாம் புதிது, உனக்கும் சிரமம் குறையும் என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார்.

"அந்த அன்பு எனக்கு வேணாம்" என்றாள் லோகநாயகி. "என் வேலை எனக்கு வேணும். மாத்திடலாம்ங்க."

எனக்கும் அவள் வேலை போவதில் விருப்பமில்லை. அதனால்தான் அவசரப்படக்கூடாது என்றேன். மாற்றத்துக்கு முன் கண்காணிப்புக் காலம் என்று ஒன்று உண்டு. இருப்பது எவ்வளவு மோசம் என்று நிரூபிக்க வேண்டும். மூன்று வாரம். தினமும் மாலை நான் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை முறை நிற்கிறது என்று குறிப்பேன். மெஷினை மட்டும் தொடமாட்டேன். கண்காணிப்பவன் கை வைத்தால் கணக்குக் கெட்டுவிடும்.

"மூணு வாரமும் தொடவே மாட்டீங்களா?"

"ஒரு விரல்கூட வைக்கமாட்டேன். எழுதியே வச்சிருக்கேன், பாரு."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை வாங்கினாள். வாங்கியவள் அந்தப் பக்கத்தோடு நிறுத்தவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் எழுதிய எதையும் அவள் இப்படிப் படித்ததில்லை. நடுவில் ஒரு சந்தேகம் கேட்டாள். பதினெட்டாம் படியில் ஆம் என்று சொல்ல வேண்டுமா, சரி என்று சொல்ல வேண்டுமா என்று. ஆம் என்றேன். மனம் நிறைந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் ஒன்பது, என் பிரிவில் இருக்கும் சடையப்பன் மகளுக்கு மாமல்லபுரத்தில் கல்யாணம். லோகநாயகி வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள். நீங்க பொறுமையா இருந்து சாப்பிட்டு, பீச்செல்லாம் பாத்துட்டு வாங்க என்றாள். காலை ஏழரைக்குக் கிளம்பினேன். சாப்பாடு நன்றாக இருந்தது. கடற்கரையில் காற்று வாங்கினேன். கல் சிற்பக் கடையில் உள்ளங்கை அளவு ஆமை ஒன்று வாங்கினேன், அவள் காகிதங்கள் பறக்காமல் வைக்க. அந்த ஆமை நிதானமாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. வாழைக்காய் பஜ்ஜி வாசனை வந்தது. கேட்காமலே பஜ்ஜி. அவள் தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள். ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை தாள் முடிஞ்சுது?"

"தாள் ஒண்ணும் முடியல. வேலை முடிஞ்சுது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. இன்று ஓய்வெடுத்திருக்கிறாள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பத்தாம் தேதி மாலை கண்காணிப்புத் தொடங்கியது. ஆறே காலுக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, முகம் கழுவி, காபி குடித்து, ஏழு மணிக்கு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். எட்டானது. எட்டரையானது. நிற்கவில்லை. பூஜ்யம் என்று எழுதினேன். மறுநாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாளும். அந்த வாரம் முழுக்க என் நோட்டில் முட்டை முட்டையாக இருந்தது, கோழிப்பண்ணை மாதிரி.

காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா? யோசித்தேன். கல்யாணத்துக்குப் போவதற்கு முந்தைய நாள்தான் பெட்டிக்கு அடியில் ஒரு தேக்குப் பலகை வைத்திருந்தேன், காற்றோட்டத்துக்காக. திரையையும் ஈரத்துணியால் துடைத்திருந்தேன். அதனால்தான் திரையில் இருக்கும் சின்னப் படங்களெல்லாம் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தன. குப்பைக்கூடைப் படம்கூட நேற்று வாங்கியது மாதிரி இருந்தது.

"பலகை வச்சதுக்கப்புறம் பாத்தியா?" என்றேன்.

"ஆமாங்க. அந்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நிக்கவே இல்ல."

"துடைச்சதுல திரையும் தெளிவாயிடுச்சு."

"எனக்குக் கண்ணுவலிகூடக் குறைஞ்சிருக்கு."

இப்படி என் பேச்சை அவள் மறுக்காமல் கேட்பது அபூர்வம். மழைக்காலமானதால் மாலையில் கரண்ட் போய்ப்போய் வந்தது. அதற்கும் நான் ஒரு விதி வைத்திருந்தேன். கரண்ட் வந்தவுடன் மெஷினைப் போடக்கூடாது. ஒருவர் கூடத்தில் ஸ்டெபிலைசர் முன்னால் நின்று முள் நிலைப்பதைப் பார்க்க வேண்டும். நிலைத்ததும் குரல் கொடுக்க வேண்டும். உள்ளறையில் இருப்பவர் அப்போதுதான் ஸ்விட்சைப் போடலாம். போட்ட பிறகும் ஐந்து நிமிடம் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. கண்காணிப்பவன் நான். முள்ளைப் பார்த்தேன். "இருநூத்தி இருபது" என்று குரல் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போனால் அவள் விட்ட வரியிலிருந்து அடித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் கரண்ட் போய் வந்தால் நீலத்திரை வந்து, வட்டைச் சோதிக்கிறேன் என்று இருபது நிமிடம் உட்கார வைத்துவிடும். இப்போது அதுவும் இல்லை.

"நீலத்திரை வரலியா?"

"வரல. நீங்க முள்ளைப் பாக்குறீங்க இல்ல" என்றாள்.

இரண்டாவது வாரம் ஜான்சன் வந்தான். சர்ச் நோட்டீஸ் ஒன்று தமிழில் அடிக்க வேண்டும் என்று லோகநாயகி பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு என்னை.

"எப்டி ஓடுது பாத்தியா, ஜான்சன்? இதைப் போய் மாத்தச் சொன்னியே."

"சூப்பரா ஓடுது அண்ணாத்த" என்றான். "அண்ணிக்குத்தான் சொல்லணும்."

"பலகை வச்சது நான்."

"அத்தான் சொல்றேன். எப்பேர்ப்பட்ட பலகை." அவனுக்கு இருமல் வந்துவிட்டது. லோகநாயகி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இருபத்தேழாம் தேதி முப்பத்தெட்டுத் தாளும் முடிந்தன. சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே. மறுநாள் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். முழுஆண்டுத் தேர்வுக்கும் நீயே அடி, கூடவே ஆண்டு விழா மலரும் இருக்கிறது என்று ரெபேக்காள் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. எனக்கும் சந்தோஷம். பலகை என்னுடையதாயிற்றே.

முப்பதாம் தேதி ஞாயிறு. முடிவை அறிவிக்கும் நாள். ஆபீஸில் செய்வது போலவே சாட்சிக்கு ஒருவர் வேண்டுமென்று ஜான்சனைக் கூப்பிட்டேன். லோகநாயகி மெதுவடை சுட்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் படித்தேன். பலகை வைப்பதற்கு முந்தைய வாரம் பதினொரு முறை நின்றது. பலகையும் துடைப்பும் முள் கண்காணிப்பும் நடைமுறைக்கு வந்த பின் மூன்று வாரத்தில் ஒரு முறையும் இல்லை. ஆகவே புதிய அமைப்புக்கு மாற வேண்டிய அவசியம் நிரூபிக்கப்படவில்லை. தொண்ணூற்றெட்டே தொடரும்.

ஜான்சன் வடையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லோகநாயகி வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். ஜூன் மாதத்திலிருந்து கேட்டவள். தேற்றுவதற்குக்கூட இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

"சரிங்க" என்றாள். "நீங்க நல்லா யோசிச்சுத்தான் சொல்வீங்க."

"உனக்கு வருத்தமில்லையே?"

"எனக்கென்ன வருத்தம். நல்லாத்தானே ஓடுது. இதை மாத்தக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன்."

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஜான்சனும் இருமிக்கொண்டே பின்னால் போனான், இன்னொரு வடை வேண்டுமென்று.

கண்காணிப்புக் காலம் முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்குப் பிறகு மவுஸில் கை வைத்தேன். அன்றைய நாளின் மரியாதைக்கு நானே மெஷினை மூடுவோம் என்று தோன்றியது. இடது மூலையில் இருந்த சாம்பல்நிறப் பொத்தானை அழுத்தினேன். பட்டியல் எழும்பியது. அதன் இடப்பக்க ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். அதில் கீழிருந்து மேலாக விண்டோஸ் 98 என்று எழுதியிருக்கும். ஐந்து வருடமாகப் பார்த்த பட்டை.

விண்டோஸ் எக்ஸ்பி என்று எழுதியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்படியே எழுதியிருந்தது. பட்டியலை மூடித் திறந்தேன். பீரோவைப் போய்த் திறந்து பட்டுப்புடவைக்கு அடியில் கை விட்டேன். குறுந்தட்டு இருந்தது. ஆனால் டேப் நான் ஒட்டியதைவிட நேராக ஒட்டியிருந்தது.

திரும்பி வந்து நோட்டை எடுத்தேன். எழுதிய பிறகு நான் அந்தப் பக்கங்களைத் திறந்ததே இல்லை. நாற்பத்து நான்காம் பக்கம். முதல் படி, கேள்வித்தாள்களை ஃப்ளாப்பியில் பிரதி எடுக்கவும். எதிரே பென்சிலில் ஒரு டிக். பக்கத்தில் 7.50. நான் கிளம்பி இருபது நிமிடம். மூன்றாம் படி, தட்டச்சு மென்பொருள் நிறுவனத்தின் பதிலைப் பெறவும். டிக். 'போன வாரமே போன் பண்ணினேன், ஓடும்னு சொன்னாங்க' என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பதினெட்டாம் படி, டிக், 10.40, 'ஆம்'. இருபத்திரண்டாம் படியில் ஒரு திருத்தம். கரண்ட் போனால் செய்ய வேண்டியதில் நான் ஒரு வரியை விட்டிருந்தேன். அவள் அதைச் சேர்த்திருந்தாள். சரியான திருத்தம். நானாக இருந்தால் அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இருபத்தொன்பது, பழைய முகம். டிக். 2.15. முப்பத்தொன்று. டிக். 2.40.

செய்தவர் என்ற கோட்டின் மேல் 'லோ' என்று சுருக்கமாகப் போட்டிருந்தாள். அனுமதித்தவர் என்ற கோட்டை விட்டிருந்தாள். என் கையெழுத்தை அவள் போடவில்லை. போடத் தெரியாதவள் அல்ல, என் பேரில் வரும் மணியார்டருக்கெல்லாம் அவள்தான் போடுகிறாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். இந்த மூன்று வாரத்தில் அவள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. எல்லாப் பொய்யையும் நானே சொல்லி நானே குறித்திருந்தேன். கோபம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சமையலறையில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு படி. ஓரிடத்தில்கூட அவளுக்குத் தடுமாற்றம் வரவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

லோகநாயகி காபியோடு வந்தாள். திரையைப் பார்த்தாள். மேசைமேல் திறந்து கிடந்த நாற்பத்தேழாம் பக்கத்தையும் பார்த்தாள். டம்ளரை ஆமைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பிரிண்டர் மாத்தலாமா வேணாமான்னு எப்ப யோசிக்கப்போறீங்க?" என்றாள். "நோட்டு வாங்கி வச்சிருக்கேன். படியெல்லாம் இதே மாதிரி விவரமா எழுதிடுங்க."

சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஆண்டு விழா மலர்க் கட்டுரைகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் பேனாவைத் திறந்து, அனுமதித்தவர் என்ற கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். கீழே 9-11-2003 என்று தேதியிட்டேன்.